சேர்வராயன் சரிவில் புல்லும் கல்லுமான நிலம்: மண்ணை அளந்து முடிவெடுக்க முழு வழிகாட்டி

சேர்வராயன் மலைச் சரிவில் புல் மூடிய கல்லாங்காடு ஒன்று கையில் இருந்தால், என்ன நடலாம் என்று யோசிப்பதற்கு முன்பு ஒரு எண்ணைக் கண்டுபிடியுங்கள். கல்லைக் கழித்த பிறகு அங்கே மிஞ்சுகிற மண் எத்தனை சென்டிமீட்டர்? அதை இங்கே நிகர மண் என்று சொல்வோம். காப்பியோ சில்வர் ஓக்கோ தீவனப்புல்லோ, எதுவானாலும் தண்ணீரும் சத்தும் எடுப்பது அந்த நிகர மண்ணிலிருந்துதான். மேலே பச்சைப் பசேல் என்று புல் நிற்பதைப் பார்த்து மண் ஆழம் இருப்பதாக நம்பி, படிமட்டம் வெட்டி, பாறை வெளியே தெரிந்த பிறகு வருந்துவது இந்த மலையில் அடிக்கடி நடக்கிறது. புல்லுக்கு 10 செ.மீ. மண் போதும். மரத்துக்குப் போதாது.

இரண்டு பேர் இருந்தால் ஒரு சரிவை ஒரே நாளில் அளந்துவிடலாம். சொந்தப் பட்டா நிலத்தில் மட்டும் தோண்டுங்கள். பக்கத்துச் சரிவு காப்புக்காடாக இருந்தால், வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கடப்பாரை வைக்கக்கூடாது.

எடுத்துப்போக வேண்டியவை: கடப்பாரை, களைக்கொத்து, சுத்தியல், 12 மி.மீ. கனத்தில் 1 மீட்டர் இரும்புக் கம்பி, 2 மீட்டர் நேரான ரீப்பர் கட்டை, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், டேப், 2 மி.மீ. சல்லடை, லிட்டர் கோடு போட்ட இரண்டு பக்கெட், மெல்லிய பாலித்தீன் தாள், இரண்டு தார்ப்பாய், 15 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாயில் வெட்டிய ஒரு துண்டு, 40 லிட்டர் தண்ணீர், மண்ணின் அமில-காரத் தன்மை காட்டும் பி.எச். தாள், கொஞ்சம் வினிகர். மலையில் தண்ணீர் சுமப்பதுதான் கஷ்டம். ஆனால் அதைக் குறைத்தால் பாதி அளவீடு நடக்காது.

முதல் படி: காலடியில் எந்தப் பாறை

ஏற்காட்டின் கருத்த, உருண்ட பாறைகளைப் பார்த்து இதை எரிமலை மண் என்று சிலர் சொல்கிறார்கள். இது எரிமலை இல்லை. சேர்வராயன் மலையின் உடல் சார்னோகைட் என்ற பாறை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. உடைத்த முகத்தில் கருநீலமும் பச்சையும் கலந்து, எண்ணெய் தடவியது போல மினுங்கும். பரல் கண்ணுக்குத் தெரியும். எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையில் பரல் தெரியாது, பல இடங்களில் காற்றுக் குமிழ்த் துளைகள் இருக்கும். அதைப் பார்க்க மகாராஷ்டிரத்தின் சகியாத்ரி மலைக்குப் போக வேண்டும். நம் பாறைகள் உருண்டிருப்பது, மண்ணுக்குள் இருந்தபோதே வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிந்து இற்றதால்.

இந்த வேறுபாடு வயலில் பணமாகக் கணக்கில் வரும். எரிமலைச் சரிவுகளுக்கு எழுதிய குறிப்புகள், கல்லுக்குள்ளும் தண்ணீர் தங்கும் என்று சொல்கின்றன. துளை நிறைந்த எரிமலைக் கல்லுக்கு அது சரி. இற்றுப்போகாத சார்னோகைட்டில் சொட்டுத் தண்ணீர் தங்காது. கல் இருக்கும் இடம் செடிக்குப் பூஜ்யம். அதேபோல் எரிமலைச் சாம்பல் மண் மிகவும் லேசானது, ஒரு லிட்டர் இடத்தில் உலர்ந்த மண் 900 கிராமைத் தாண்டாது. நம் சரிவு மண்ணை அதே மாதிரி எடுத்து உலர்த்தி நிறுத்தால் பெரும்பாலும் 1.2 கிலோவுக்கு மேல் நிற்கும். ஒரே ஒரு விஷயத்தில் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன: போட்ட பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொண்டு செடிக்குத் தராமல் இழுத்தடிப்பதில். காரணம் வேறு, விளைவு ஒன்று. கடைசியில் அதற்கு வருவோம்.

சேலத்தைச் சுற்றி மூன்று வகைகளைப் பிரித்தறிய வேண்டும். மலைச் சரிவுகளில் சார்னோகைட் இற்ற கருஞ்செம்மண். சேர்வராயன் கோயில் பக்கத்து உச்சி மேடுகளில், 1,600 மீட்டரை ஒட்டிய உயரத்தில், பாக்சைட்டும் செம்பூராங்கல்லும் கலந்த தொப்பி. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கும் பாக்சைட் வெட்டினார்கள். மூன்றாவது, மலை அடிவாரத்தில் சேலம் நகருக்கு வடமேற்கே, மேக்னசைட் வெட்டும் வெள்ளைக்கல் கரடுகள். மூன்றிலும் புல் ஒன்றுபோலத்தான் தெரியும். மண் முற்றிலும் வேறு.

வெள்ளைக் கல் துண்டு கிடைத்தால் வினிகர் ஒரு சொட்டு விடுங்கள். சுண்ணாம்புக்கல் அல்லது சுக்கான்கல் என்றால் நுரைக்கும். மேக்னசைட் குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் நுரைக்காமல் சும்மா கிடக்கும். வெள்ளையாக இருக்கிறது, சுண்ணாம்புதான் என்று முடிவு செய்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இரண்டாம் படி: சரிவை அளப்பது

2 மீட்டர் ரீப்பரின் ஒரு முனையை மேட்டுப்பக்கத் தரையில் வையுங்கள். சரிவின் நேர் இறக்கத் திசையில் நீட்டி, ரசமட்டம் வைத்துக் கிடைமட்டமாக்குங்கள். மறுமுனையிலிருந்து தரை வரை செங்குத்தாக எத்தனை செ.மீ. என்று டேப்பில் பார்த்து, இரண்டால் வகுத்தால் சரிவு சதவீதம் வந்துவிடும். 66 செ.மீ. இருந்தால் 33 சதவீதம். நூறு சதவீதம் என்பது 45 பாகை. 50 சதவீதம் சுமார் 27 பாகை. சதவீதத்தையும் பாகையையும் மாற்றி எழுதிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு, அதனால் நோட்டில் எப்போதும் சதவீதம் என்றே எழுதுங்கள்.

புல் குத்துகளின் மேல் கட்டையை வைத்தால் கணக்கு தவறும். குத்துகளுக்கு நடுவே தரையில் வையுங்கள். உச்சி, தோள், நடுச்சரிவு, அடிவாரம் என நான்கு பகுதிகளாகச் சரிவைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் அளந்தால் போதும்.

மூன்றாம் படி: தோண்டாமலே ஆழம் பார்ப்பது

இரும்புக் கம்பியைச் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். ஒவ்வொரு பகுதியிலும் சம உயரக் கோட்டில் 3 மீட்டர் இடைவெளியில் குறைந்தது 10 புள்ளிகள். கம்பி நின்ற இடத்தில் ஓசையைக் கவனியுங்கள். தனிக் கல்லில் பட்டால் மந்தமான ஓசை வரும், கம்பி கொஞ்சம் நழுவும். தாய்ப்பாறை என்றால் கணீர் என்று ஒலித்து, அதிர்வு உள்ளங்கைக்கு வரும். சந்தேகம் இருந்தால் 20 செ.மீ. தள்ளி மீண்டும் இறக்குங்கள். மூன்று முறையும் ஏறக்குறைய அதே ஆழத்தில் நின்றால் பாறைதான்.

சராசரி மட்டும் போதாது. பத்துப் புள்ளியில் எட்டு 20 செ.மீ., இரண்டு 70 செ.மீ. என்று வந்தால் சராசரி 30 ஆகிவிடும், ஆனால் அந்த நிலத்தில் 30 செ.மீ. மண் எந்த இடத்திலும் இல்லை. இருப்பது பாறை வெடிப்புகளில் நிரம்பிய மண் பைகள். அந்த இரண்டு புள்ளிகளில் அடையாளக் கொடி நட்டு வையுங்கள். மரம் நடுவது என்றால் இடம் அவைதான். சரிவின் வெட்டவெளியில் சிற்றீச்சம்புதரோ நெல்லியோ தனியாகத் தழைத்து நிற்கும் இடமும் பெரும்பாலும் இப்படியான வெடிப்பைக் காட்டிக்கொடுக்கும்.

நான்காம் படி: குழி

பகுதிக்கு ஒரு குழி, 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், பாறை தட்டும் வரை ஆழம். முதலில் புல்லை வேரோடு பாளமாக வெட்டி, புல் மேலே இருக்கும்படி நிழலில் வையுங்கள். பிறகு குழியின் வாயைச் சமமட்டமாகச் சீவிக்கொண்டு தோண்டுங்கள்; ஏன் என்பது ஐந்தாம் படியில் வரும். மேல்மண் ஒரு தார்ப்பாயில், அடிமண் இன்னொன்றில். மூடும்போது அதே வரிசையில் போட்டு, காலால் மிதித்து, புல் பாளத்தை வைத்துத் தண்ணீர் ஊற்றினால் புல் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் விட்டால் அடுத்த கோடை மழையில் அந்தக் குழியிலிருந்துதான் ஓடைக்கு வாய் திறக்கும்.

மேட்டுப்பக்கச் சுவரைக் களைக்கொத்தால் சீவிப் பாருங்கள். மேலே 5 முதல் 10 செ.மீ. வரை கருத்த வேர்ப்பாய்; பிசைந்தால் பொடியாக உதிரும். அதற்குக் கீழே செம்பழுப்பு மண்ணும் கல்லும். அதற்கும் கீழே முரம்பு போன்ற இற்றுப்போன பாறை இருக்கலாம், அல்லது நேராகத் தாய்ப்பாறை. இற்ற பாறையைக் களைக்கொத்தின் முனையால் சுரண்டிப் பாருங்கள். சுரண்ட வந்தால் வேர் இறங்கும், கொஞ்சம் நீரும் தங்கும். சுரண்ட வராவிட்டால் அதுதான் அடித்தளம். பாறை முகத்தை ஒட்டி வேர்கள் தட்டையாகப் பாய் போலப் படர்ந்திருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

குழிச்சுவரில் சாம்பல் நிறத் திட்டும் துரு நிறக் கோடும் தெரிந்தால், மழைக்காலத்தில் பாறை மேல் தண்ணீர் தேங்கி ஊர்கிறது என்று பொருள். அந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். நீர்த்தேக்கக் குழி வெட்டக்கூடாத இடம் அது.

ஐந்தாம் படி: கல்லைக் கழிப்பது

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான், அவசரப்படாமல் செய்யுங்கள். கல்லின் பங்கைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் தப்பாகும். பெரிய கல் கண்ணில் படும், சரளை படாது.

குழி தோண்டும் முன்பே வாயைச் சமமட்டமாகச் சீவிக்கொள்ள வேண்டும். சரிவில் குழியின் மேட்டு விளிம்பு உயரத்திலும் பள்ள விளிம்பு தாழ்வாகவும் இருப்பதால், தண்ணீர் தாழ்ந்த விளிம்பு வரைதான் நிற்கும், அளவு குறைந்துவிடும். சீவிய மண்ணைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஆனால் எத்தனை செ.மீ. சீவினீர்கள் என்று குறித்துக்கொண்டு மொத்த ஆழத்தில் கூட்டுங்கள்.

குழிக்குள் பாலித்தீன் தாளை விரித்து, மூலைகளில் படியும்படி அழுத்தி, பக்கெட்டால் அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். விளிம்பு வரை எத்தனை லிட்டர் போனதோ அதுதான் குழியின் கொள்ளளவு. பிறகு அந்தத் தண்ணீரையே மொண்டு அடுத்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். தோண்டிய மண்ணைச் சலித்து, சல்லடையில் நின்ற கல், சரளை எல்லாவற்றையும் சேருங்கள். மண் கட்டியைக் கல் என்று எண்ணாமல் கையால் உடையுங்கள். செருப்புக் குதிகாலால் மிதித்தால் நொறுங்கும் இற்ற கல்லையும் கல் கணக்கில் சேர்க்காதீர்கள். மிஞ்சிய கல்லைப் பாதி நீர் உள்ள பக்கெட்டில், தேவைப்பட்டால் தவணையாகப் போட்டு, நீர்மட்டம் எத்தனை லிட்டர் ஏறியது என்று பாருங்கள்.

ஒரு கணக்கு. குழி 24 லிட்டர் கொண்டது, கல் 9.6 லிட்டர் நீரை உயர்த்தியது. 9.6-ஐ 24-ஆல் வகுத்தால் 40 சதவீதம் கல். மண் ஆழம் 30 செ.மீ. என்றால் நிகர மண் 18 செ.மீ. மணல் கலந்த களிப்பாங்கான செம்மண் ஒரு சென்டிமீட்டரில் செடி எடுக்கக்கூடிய நீராக 1.3 மி.மீ. வைத்திருக்கும் என்று கொண்டால், மொத்தக் கையிருப்பு சுமார் 23 மி.மீ. ஏப்ரல் வெயிலில் ஒரு நாளைக்கு 4 மி.மீ. போகும். ஆறே நாளில் கையிருப்பு காலி. ஏற்காட்டில் ஆண்டுக்கு 1,500 மி.மீ. மழை பெய்கிறதே, பிறகு ஏன் நட்ட கன்று மார்ச்சில் காய்கிறது என்ற கேள்விக்குப் பதில் இந்த 23-தான். மழைக்குக் குறைவில்லை, பிடித்து வைக்கப் பாத்திரம் சிறியது.

ஆறாம் படி: பிசைந்து பார்ப்பது

சலித்த மண்ணை ஈரமாக்கிப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளுங்கள். 2.5 செ.மீ. வருவதற்குள் உடைந்தால் மணற்பாங்கு அல்லது வண்டல்பாங்கு, 5 செ.மீ. வரை நீண்டால் களிப்பாங்கு, அதற்கு மேல் நீண்டால் களி.

உச்சி மேட்டுச் செம்பூராங்கல் மண்ணில் இந்தச் சோதனை ஏமாற்றும். இரும்பு ஆக்சைடு களித்துகள்களைக் கூட்டி ஒட்டி மணல் பரல் போல ஆக்கிவைத்திருக்கும். தொட்டவுடன் மணல் என்று தோன்றும். நிறுத்தாமல் ஐந்து, பத்து நிமிடம் பிசைந்தால் ஒட்ட ஆரம்பிக்கும். பாட்டிலில் மண்ணும் நீரும் ஒரு சிட்டிகை சலவை சோடாவும் போட்டுக் குலுக்கி 24 மணி நேரம் வைக்கும் முறையிலும் இதே ஏமாற்றம் உண்டு. ஆகவே பிசைந்து பார்ப்பதையே நம்புங்கள்.

ஏழாம் படி: நீர் இறங்குகிறதா

கல்லில் குழாயை அடித்து இறக்க முடியாது. சிறு சமதளம் சீவி, குழாய்த் துண்டை 3 செ.மீ. அளவு பதித்து, வெளிப்பக்கம் பிசைந்த களியால் அடைத்துவிடுங்கள். 15 செ.மீ. விட்டக் குழாயில் 440 மி.லி. ஊற்றினால் அது 25 மி.மீ. மழைக்குச் சமம். முழுதும் இறங்க எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். உடனே இரண்டாவது 440 மி.லி. இந்த இரண்டாவது நேரம்தான் உண்மை சொல்லும். நல்ல புல்தரையில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறங்கிவிடும். மாடு நடந்து இறுகிய ஒற்றையடித் தடத்தில் அரை மணி ஆனாலும் நிற்கும்.

கோடையில் இன்னொரு சிறு சோதனை செய்யுங்கள். காய்ந்த மேல்மண்ணில் ஒரு சொட்டு நீர் விட்டால், 5 நொடிக்கு மேலும் முத்தாக உருண்டு நின்றால் அந்த மண் நீரை வெறுக்கிறது. யூகலிப்டஸ் சருகு விழும் இடத்திலும், புல் எரிந்த இடத்திலும் இது காணும். முதல் கோடை மழை அங்கே உள்ளே போகாமல் மேலோடு ஓடிவிடும், சாம்பலையும் கூட்டிக்கொண்டு. தளிர்ப் புல்லுக்காகத் தீ வைத்தால் மூன்று வாரம் பச்சை கிடைக்கும். ஈடாகப் போவது மேல்மண்.

எட்டாம் படி: மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது

உச்சி மண்ணையும் அடிவார மண்ணையும் ஒரே பையில் கலக்காதீர்கள். ஒவ்வொரு பகுதியிலும் 10 முதல் 15 இடங்களில், மேல் சருகை நீக்கிவிட்டு, ஆங்கில வி வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, அரைக் கிலோவாகக் குறையுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். தீ எரிந்த இடமும் மாட்டுக்கொட்டகைப் பக்கமும் வேண்டாம், சாம்பல் பி.எச்.-ஐத் தூக்கிக் காட்டும். சேலத்தில் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுக்கலாம். மலைத்தோட்டப் பயிர் பற்றிய ஆலோசனைக்கு ஏற்காட்டில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

அறிக்கை வந்ததும் ஒரு திருத்தம் செய்தே ஆக வேண்டும். ஆய்வகம் சோதிப்பது 2 மி.மீ. சல்லடையில் இறங்கிய மண்ணை மட்டும்தான். எக்டேருக்கு இத்தனை கிலோ என்று சொல்லும்போது, 15 செ.மீ. ஆழத்துக்குக் கல்லே இல்லாத சுமார் 22 லட்சம் கிலோ மண் இருப்பதாகக் கணக்கிடுகிறது. உங்கள் நிலத்தில் 40 சதவீதம் கல் என்றால், காட்டிய சத்தில் 60 சதவீதம்தான் உண்மையில் இருக்கிறது. சத்து குறைவுதானே, உரத்தைக் கூட்டிவிடலாம் என்று ஒரேயடியாகக் கொட்டினால் அந்தச் சின்னப் பாத்திரம் தாங்காது; வேர் கருகும், மிச்சம் ஓடையில் போகும். அளவைக் கூட்டாதீர்கள், தவணையைக் கூட்டுங்கள்.

சார்னோகைட் சரிவும் உச்சி மேடும் அமிலப்பாங்கு. அங்கே இரும்பும் அலுமினியமும் பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும். தூவினால் வீண்; தொழு உரத்தோடு கலந்து வேர் அருகே குழியில் வையுங்கள். அமிலம் குறைக்க, கால்சியமும் மக்னீசியமும் உள்ள டோலமைட் பொடி போடலாம், அளவை அறிக்கை சொல்லட்டும். வெள்ளைக்கல் கரட்டிலோ கதை தலைகீழ். மண் காரப்பாங்கு, மக்னீசியம் மிதமிஞ்சி, கால்சியம் ஒதுங்கி நிற்கும். அங்கே டோலமைட் போட்டால் மேலும் மக்னீசியம் சேர்க்கிறீர்கள். கால்சியம் வேண்டுமானால் ஜிப்சம்தான்.

ஒன்பதாம் படி: முடிவு

நிகர மண் 15 செ.மீ.க்குக் கீழே, அல்லது சரிவு 50 சதவீதத்துக்கு மேல்: புல்லாகவே விடுங்கள். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. தீ வைக்காமல், மாட்டை ஒரே தடத்தில் ஓட்டாமல், உண்ணிச்செடியை மட்டும் களைந்து வந்தால் போதும். அறுத்துக் கட்டும் தீவனமே அந்த நிலத்தின் விளைச்சல்.

15 முதல் 40 செ.மீ. வரை: அடையாளக் கொடி நட்ட மண் பைகளில் மட்டும், பள்ளப்பக்கம் பிறை வடிவில் கல் அணைத்து, அடிவாரம் என்றால் சீத்தா, நெல்லி போன்றவை. நடுவே புல் இருக்கட்டும். காப்பிக்கு இது இடமில்லை. வேரோட ஒரு மீட்டராவது வேண்டிய பயிர் அது.

படிமட்டம் வெட்ட ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுங்கள். படியின் அகலத்தைச் சரிவால் பெருக்கி இரண்டால் வகுத்தால், மேட்டுப்பக்கம் எத்தனை ஆழம் வெட்டுப்படும் என்று வரும். 30 சதவீதச் சரிவில் 2 மீட்டர் படிக்கு 30 செ.மீ. வெட்டு. மண் ஆழமே 30 செ.மீ. என்றால் படியின் உள்விளிம்பில் மிஞ்சுவது பாறை. அங்கே படிமட்டம் என்ற பேச்சே வேண்டாம். சம உயரக் கோட்டில் கல் வரப்பு வையுங்கள்: 15 செ.மீ. அடித்தளம் தோண்டி, பெரிய கல்லை அடியில் வைத்து, மலைப்பக்கம் சாய்வாக 40 செ.மீ. உயரம். தளர்ந்து கிடக்கும் கல்லை மட்டும் எடுங்கள். பதிந்த கல்லைப் பெயர்த்தால் அது காத்துக்கொண்டிருந்த மண் மழைத்துளிக்கு நேராக வெளிப்படும். வரப்பின் மேட்டுப்பக்கம் வெட்டிவேர் நாற்று 15 செ.மீ. இடைவெளியில் ஒரே வரிசை. இரண்டு வரப்புக்கு நடுவே செங்குத்து உயரம் 2 மீட்டர். 30 சதவீதச் சரிவில் தரையில் நடந்தால் சுமார் 7 மீட்டர் வரும். ஜூன், ஜூலையில் நட்டால் வடகிழக்கு மழைக்குள் வேர் பிடிக்கும்.

சிவப்பு வட்டம் போட்ட இடங்களில் நீர்த்தேக்கக் குழியோ நீள்குழியோ வேண்டாம். சாய்ந்த பாறைத் தகட்டின் மேல் நிறுத்திய நீர் அந்தத் தகட்டோடு ஊர்ந்து, மேலே உள்ள மண்ணைப் பாளமாக நழுவவிடும்.

அரிப்பு நடக்கிறதா என்று பார்க்கப் புல் குத்தின் அடியைப் பாருங்கள். குத்து சிறு மேடையின் மேல் ஏறி நிற்பது போலவும், சுற்றிலும் சரளை மட்டும் விரிந்தும் இருந்தால், மேடையின் உயரம் அளவுக்கு மண் போய்விட்டது. இனி எவ்வளவு போகிறது என்று அறிய, 30 செ.மீ. நீளமுள்ள 6 மி.மீ. கம்பிகளை 10 செ.மீ. வெளியே தெரியும்படி பகுதிக்கு ஐந்து அடித்து வையுங்கள். மே கடைசியில் ஒரு முறை, டிசம்பர் கடைசியில் ஒரு முறை, வெளியே தெரியும் நீளத்தை அளந்து எழுதுங்கள். 1 மி.மீ. கூடினால் எக்டேருக்கு 10 கன மீட்டர், அதாவது சுமார் 13 டன் மண் கீழே இறங்கிவிட்டது. எந்தப் பகுதிக் கம்பிகள் அதிகம் காட்டுகின்றனவோ, அடுத்த ஜூனில் முதல் கல் வரப்பு அதற்கு நேர் மேலே.